பிறக்காத குழந்தையும் பீடி குடிக்கிறது!

இரவு 11 மணி. தாராவியில் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அவ்வளவு குறுகல். சந்தின் கடைசியில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று. ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. அடுப்பு, தண்ணீர் டிரம், துணிமணி, டி.வி. எல்லாம் அதற்குள்தான். மேலே பலகை அடித்து ஒரு பரண்.

தோல் பட்டறையில் வேலை முடிந்து கணவர் வருகிறார். சொந்த ஊர் நெல்லைச் சீமை. கை கால் கழுவிச் சாப்பிட்டு முடித்ததும், கதவோரம் குந்தி ஒரு பீடியைப் பற்ற வைக்கிறார். மனைவிக்கு ஐந்தாவது மாதம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

"ஏங்க, அதை வெளியே போய்க் குடிச்சிட்டு வாங்களேன். எனக்குக் குமட்டுது."

"கதவு தொறந்துதான கெடக்கு. நாந்தான குடிக்கேன்? நீயா குடிக்கே?"

மனைவி பதில் பேசவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக் கொள்கிறாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. டோம்பிவிலியில் குடியிருக்கும் குமாஸ்தா வீட்டிலும் இதே கதைதான். அங்கே பீடிக்குப் பதில் சிகரெட். ஒரு அறைக்குப் பதில் ஒரு அறையும் சமையலறையும். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிக்கும்போது ஒன்று. ஆபீஸ் கவலை வந்தால் ஒன்று. விருந்துக்கு வந்த மைத்துனரோடு சேர்ந்து ஒன்று.

"நீயா குடிக்கே?" என்று கணவர் கேட்ட கேள்விக்கு, உலகம் முழுவதும் உள்ள டாக்டர்கள் பதில் சொல்லி ஆகிவிட்டது. ஆம், அவளும்தான் குடிக்கிறாள். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் குடிக்கிறது.

திண்ணை இல்லாத ஊர்

ஊரில் தாத்தா சுருட்டுப் பிடித்தார். அப்பா பீடி குடித்தார். "நாங்கள் எல்லாம் வளரவில்லையா?" என்று பலரும் கேட்கிறார்கள்.

ஊரில் திண்ணை இருந்தது. வேப்ப மரத்தடி இருந்தது. டீக்கடைப் பெஞ்சு இருந்தது. ஆண்கள் புகை பிடித்தது பெரும்பாலும் அங்கேதான். கர்ப்பிணி இருந்தது உள்கட்டில் அல்லது புழக்கடையில். இரண்டுக்கும் நடுவே முற்றமும் காற்றும் இருந்தன. அப்போதும் கெடுதல் இல்லாமல் இல்லை. யாரும் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிழைப்புக்காக மும்பைக்கு வந்தவர்கள் பழக்கத்தைக் கொண்டு வந்தார்கள். திண்ணையைக் கொண்டு வர முடியவில்லை. இங்கே திண்ணை, கூடம், அடுக்களை, படுக்கையறை எல்லாம் ஒரே அறைதான். அந்த அறையில் ஒருவர் விடும் புகை வேறு எங்கும் போகாது. அங்கேயே சுற்றும். சூடான புகை மேலே ஏறும். பரணில் பிள்ளைகள் படுத்திருந்தால் முதலில் அவர்கள் மூச்சில் ஏறும்.

அரசாங்கம் 2016-17-ம் ஆண்டில் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 100-க்கு 39 பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசித்தார்கள். பெண்களில் புகை பிடித்தவர்கள் 100-க்கு 2 பேர்தான். ஆகவே நம் நாட்டுக் கர்ப்பிணிகளுக்கு வரும் புகை அநேகமாகத் தாங்களே பற்ற வைத்ததல்ல. கணவர், மாமனார், கொழுந்தன், உடன் தங்கியிருப்பவர் ஆகியோரிடம் இருந்து வருவது.

இரண்டு வகைப் புகை

பீடியிலோ சிகரெட்டிலோ இருந்து இரண்டு வகைப் புகை வருகிறது. ஒன்று, குடிப்பவர் உள்ளே இழுத்து வெளியே விடுவது. மற்றொன்று, விரலிடுக்கில் சும்மா இருக்கும்போது நெருப்பு நுனியில் இருந்து எழுவது. அறையில் நிறையும் சிகரெட் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான்.

நுனியில் இருந்து வரும் புகை எந்த வடிகட்டி வழியாகவும் வருவதில்லை. அரைகுறைச் சூட்டில் எரிவதால், பல நச்சுப் பொருள்கள் அதில் அதிகம். புகையிலைப் புகையில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை.

"பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதில் என்ன கெடுதல்?" என்று நினைப்பவர்கள் உண்டு. இது தவறு. பீடிப் புகையில் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவை சாதாரண சிகரெட் புகையில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கின்றன.

கருப்பைக்குப் போகும் வழி

தாய் மூச்சை இழுக்கிறாள். புகை அவள் நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நஞ்சுக்கொடிக்குப் போகிறது. அங்கிருந்து தொப்புள் கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது.

இந்த வழியில் இரண்டு பொருள்கள் முக்கியமான கெடுதலைச் செய்கின்றன.

ஒன்று, கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத வாயு. நம் ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருளோடு, பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக் கொள்ளும். பஸ்ஸில் பயணிக்கு உரிய இடத்தை மூட்டை பிடித்துக் கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். பிராண வாயு ஏற இடம் இருக்காது. சிசுவின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக் கொள்ளும். தாயின் ரத்தத்தில் இருந்து அது இறங்கிய பிறகும் பிள்ளையின் ரத்தத்தில் இருந்து இறங்க நேரமாகும்.

இரண்டு, நிகோடின். இது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் தாண்டும். சிசுவின் மூளையும் நுரையீரலும் உருவாகும் நேரத்தில் அவற்றின் வளர்ச்சியில் குறுக்கிடும்.

உடலுக்குள் போன நிகோடின், கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. ரத்தம், சிறுநீர், எச்சில் எதிலும் அதை அளக்கலாம். தாய் ஒரு பீடிகூடத் தொடாதவளாக இருந்தும், புகை சூழ்ந்த வீட்டில் இருந்தவள் பெற்ற பச்சைக் குழந்தையின் தலைமுடியில்கூட இந்தப் பொருளைக் கண்டிருக்கிறார்கள். இது வெறும் ஊகம் அல்ல. அளந்து பார்த்த உண்மை.

ஜப்பான் மனைவிமார்

இந்த விஷயம் ஒரே நாளில் தெரிய வந்ததல்ல.

1957-ம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிம்ப்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். புகை பிடிக்கும் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகப் பிறக்கின்றன என்று அதில் கூறியிருந்தார். அப்போது பேசப்பட்டது தாய் பிடிக்கும் சிகரெட்டைப் பற்றித்தான். பக்கத்தில் இருப்பவரின் புகையைப் பற்றி உலகம் அவ்வளவாக நினைக்கவில்லை.

1981-ம் ஆண்டில் ஜப்பான் நாட்டு டாக்டர் ஹிரயாமா வெளியிட்ட ஆராய்ச்சி நிலைமையை மாற்றியது. அவர் புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் கவனித்தார். கணவர் நாள்தோறும் 20 சிகரெட்டுக்கு மேல் பிடித்த வீடுகளில், மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. "நான்தானே பிடிக்கிறேன், உனக்கென்ன?" என்ற பேச்சுக்கு அன்றோடு முற்றுப்புள்ளி விழுந்திருக்க வேண்டும்.

2006-ம் ஆண்டில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். அடுத்தவர் விடும் புகையில் "இவ்வளவு வரை கெடுதல் இல்லை" என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று அதில் திட்டவட்டமாகக் கூறப்பட்டது.

எத்தனை கிராம்?

புகை சூழ்ந்த வீட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கு என்ன ஆகிறது?

பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ம் ஆண்டில் வெளியான கணக்கு இது. அடுத்தவர் புகையைச் சுவாசித்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 30 முதல் 40 கிராம் வரை குறைந்திருந்தது. எடை குறைவான குழந்தை பிறக்கும் ஆபத்து 100-க்கு 20-க்கும் மேல் கூடியிருந்தது. இதே முறையில் 2011-ம் ஆண்டில் வெளியான மற்றொரு கணக்கு, குழந்தை இறந்தே பிறக்கும் ஆபத்து சுமார் 23 சதவீதம் கூடுவதாகக் கூறியது.

"40 கிராம்தானே? ஒரு முட்டை எடைகூட இல்லையே!" என்று தோன்றலாம். நல்ல போஷாக்குள்ள தாய்க்கு மூன்றரைக் கிலோவில் பிறக்கும் பிள்ளைக்கு 40 கிராம் பெரிதல்லதான். ஆனால் நம் நாட்டு நிலைமை வேறு. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் ஓரத்திலேயே பிறக்கும் பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். தாய்க்கு ரத்த சோகை. சாப்பாடு அரைகுறை. தண்ணீர்க் குழாயில் வரிசை. இத்தனைக்கும் மேல் புகையும் சேர்ந்தால், கோட்டுக்கு மேலே நிற்க வேண்டிய பிள்ளை கீழே விழுகிறது.

நம் நாட்டிலேயே சண்டிகர் நகரில் 576 தாய்மார்களிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2004-ம் ஆண்டில் வெளியாயிற்று. புகை இல்லாத வீட்டுத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில், மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாதவை 100-க்கு 17. புகை உள்ள வீட்டில் அது 100-க்கு 32.

கணவர் ஒரு நாளைக்கு 15 பீடி குடிப்பவர் என்று வைத்துக் கொள்வோம். கர்ப்ப காலம் 280 நாள். பிள்ளை பிறப்பதற்குள் 4,200 பீடி! அதில் பாதி பட்டறையில் போகட்டும். மீதிப் பாதி அந்த அறையில்தான்.

ஏழாம் மாதம்

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கும். கை நிறைய வளையலோடு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏற்றி விடுவார்கள். "ஊருக்குப் போனால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு. எல்லாம் சரியாகிவிடும்" என்று கணவர் ஆறுதல் அடைகிறார்.

ஓரளவு உண்மைதான். கடைசி மூன்று மாதங்கள் பிள்ளைக்கு எடை ஏறும் காலம். அப்போது புகையை விட்டு விலகினாலும் பயன் உண்டு. ஆனால் பிள்ளையின் இருதயம், மூளை, கை, கால் ஆகியவற்றுக்கு அடித்தளம் போடப்படுவது முதல் மூன்று மாதங்களில். அந்த மூன்று மாதங்களும் மும்பை அறையில்தான் கழிகின்றன. "குளிக்காமல் இருக்கிறேன்" என்று மனைவி சொல்லும் நாளில் பீடியை அணைத்தால்தான் முழுப் பயன். அதற்கு முன்பே அணைத்தால் இன்னும் நல்லது.

ரயில் பயணமும் ஒன்றரை நாள். கக்கூஸ் ஓரத்திலும் கதவுப் பக்கத்திலும் நின்று ஒளித்துப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை பெட்டிக்குள்தான் வருகிறது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-வது பிரிவு, சக பயணி ஆட்சேபித்தால் பெட்டியில் புகை பிடிக்கக் கூடாது என்று சொல்லியது. பிறகு வந்த சட்டங்கள் ஆட்சேபணைக்கே வேலை இல்லாமல் அடியோடு தடை செய்துவிட்டன. கர்ப்பிணி அருகில் இருந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் தயங்காமல் சொல்லலாம்.

தாய் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெல்லை, தென்காசிப் பக்கத்தில் பல வீடுகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். அது குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில். ஆனால் அந்தப் புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறும். பிரசவத்துக்கு வந்த பெண் "சும்மா இருக்கிறேனே" என்று முறத்தை எடுத்து மடியில் வைக்கக் கூடாது. தூள் பறக்கும் இடத்தில் படுக்கவும் கூடாது.

திரும்பி வரும் பிள்ளை

மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்து, தாயும் பிள்ளையும் மும்பைக்குத் திரும்புகிறார்கள். அதே அறை. அதே கதவோரம். தகப்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிள்ளையைக் கொஞ்சுகிறார். கொஞ்சி முடித்து ஒன்று பற்ற வைக்கிறார்.

பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை மூச்சு விடுகிறார். பச்சைக் குழந்தை 40 தடவை விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால், ஒரே அறையில் குழந்தை உள்ளே இழுக்கும் புகை பெரியவர் இழுப்பதைவிட அதிகம். பெரியவர் எழுந்து வெளியே போய்விடலாம். குழந்தை எங்கே போகும்?

பிறக்கும்போது குழந்தையின் நுரையீரல் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. காற்று தங்கும் நுண்ணிய அறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உண்டாகிறது. அந்த நேரத்தில் புகை புகுந்தால், நுரையீரல் வளர வேண்டிய அளவு வளராது.

1974-ம் ஆண்டில் ஜெருசலேம் நகரில் 10,672 குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. தாய் புகை பிடித்த வீட்டுக் குழந்தைகள் மார்ச்சளி, நிமோனியா காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் அதிகமாகச் சேர்க்கப்பட்டன. பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் இதையே உறுதி செய்தன. வீட்டில் புகை பிடிப்பது தகப்பனாக இருந்தாலும் பிள்ளைக்குக் கெடுதல் கெடுதல்தான்.

புகை உள்ள வீட்டுக் குழந்தைக்கு அடிக்கடி வருபவை இவை: இருமல், இழுப்பு, மார்ச்சளி, நிமோனியா, காதில் சீழ். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு அது கடுமையாகும். நன்றாகத் தூங்கிய குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலிலேயே இறந்து போவதற்கும் அடுத்தவர் புகை ஒரு காரணம் என்று 2006-ம் ஆண்டு அறிக்கை உறுதியாகக் கூறுகிறது.

பிள்ளைக்கு இழுப்பு வந்தால் மும்பைத் தமிழர் வீட்டில் என்ன நடக்கிறது? "ஊர்த் தண்ணீர் ஒத்துக் கொள்ளவில்லை" என்கிறார்கள். "மழைக்கால ஈரம்" என்கிறார்கள். "கண்ணேறு" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். சயான் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள். தகப்பன் சட்டைப் பையில் இருக்கும் கட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பள்ளிக்கூடம் வரை

கெடுதல் தொட்டிலோடு முடிவதில்லை.

அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரை உள்ள 4,399 பிள்ளைகளின் ரத்தத்தில் கோட்டினின் அளவைப் பார்த்தார்கள். பிறகு வாசிப்பிலும் கணக்கிலும் சோதனை வைத்தார்கள். 2005-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அடுத்தவர் புகை ரத்தத்தில் அதிகமாக இருந்த பிள்ளைகள் குறைந்த மார்க் வாங்கினார்கள். வறுமை, பெற்றோரின் படிப்பு ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை.

மும்பையில் பாடுபடும் ஒவ்வொரு தமிழரும் எதற்காகப் பாடுபடுகிறார்? "நான் பட்டறையில் கிடந்தேன். என் மகன் கிடக்கக் கூடாது. அவன் படிக்கட்டும்" என்பதற்காகத்தானே? ஓவர்டைம் செய்து டியூஷன் கட்டணம் கட்டுகிறவர், அந்தப் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய பிராண வாயுவில் பங்கு கேட்கலாமா?

விசிறியும் ஊதுபத்தியும்

"ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன்" என்பார்கள். ஃபேன் புகையை வெளியேற்றாது. அறை முழுவதும் சமமாகப் பரப்பும்.

"ஊதுபத்தி ஏற்றி வைக்கிறோம்" என்பார்கள். வாடை மறையும். நஞ்சு போகாது. ஊதுபத்திப் புகையும் சேர்ந்து கொள்ளும்.

"கதவோரம் நின்று பிடிக்கிறேன்" என்பார்கள். வெளியில் இருந்து காற்று உள்ளே வரும். புகையும் அதோடு வரும்.

"கேலரிக்குப் போய்ப் பிடிக்கிறேன்" என்றால் அது உள்ளே பிடிப்பதைவிட நல்லது. சந்தேகமில்லை. ஆனாலும் முழுப் பாதுகாப்பு அல்ல. பச்சைக் குழந்தை உள்ள வீடுகளில் அமெரிக்காவில் நடத்தி, 2004-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைக் காட்டியது. பெற்றோர் வெளியே சென்று மட்டும் பிடித்த வீடுகளிலும், யாருமே பிடிக்காத வீடுகளைவிட 5 முதல் 7 மடங்கு புகையிலை நஞ்சு படிந்திருந்தது. சட்டை, தலைமுடி, விரல் வழியாக அது உள்ளே வருகிறது. பாயிலும் சுவரிலும் தங்குகிறது. தவழும் பிள்ளை தரையைத் தடவி விரலை வாயில் வைக்கிறது. ஆகவே வெளியே பிடித்துவிட்டு வருபவர், கை வாய் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பீடியை விட்டுவிட்டுப் புகையிலை மெல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது மெல்லுபவருக்கே வாய்ப் புற்றுநோயைத் தரும். அக்கம்பக்கத்து மராட்டிய வீடுகளைப் பார்த்து, மிஷ்ரி என்ற கருக்கிய புகையிலைப் பொடியால் பல் தேய்க்கப் பழகிய தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2004-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. எந்த வழியில் போனாலும் நஞ்சு நஞ்சுதான்.

சட்டம் வாசல் வரை

1999-ம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடை செய்தது. மும்பையின் முன்னாள் மேயர் முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கில், 2001-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதற்கும் தடை விதித்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரசு ஆபீஸ், கோர்ட்டு, ரயில், பஸ் எல்லாம் அதில் அடங்கும். 2003-ம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் செய்தது. 2008-ம் ஆண்டு காந்தி ஜெயந்தி முதல், மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதிகள் அமலுக்கு வந்தன.

தடையால் பயன் உண்டா? ஸ்காட்லாந்து நாட்டில் 2006-ம் ஆண்டு மார்ச் மாதம் மூடிய பொது இடங்களில் புகைக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு குறைமாதப் பிரசவங்கள் சுமார் 10 சதவீதம் குறைந்தன. ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை, அதுவரை ஆண்டுக்கு ஆண்டு ஏறி வந்தது, தடைக்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. காற்று சுத்தமானால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பதற்குப் போலீஸ் வராது. அங்கே சட்டம் செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

யார் சொல்வது?

ஊரில் இருந்து புதிதாக வந்த பெண். மொழி தெரியாது. துணைக்குத் தாய் இல்லை. கணவரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறாள். பிறகு முந்தானையை மூக்கில் வைத்துக் கொள்கிறாள். மாமனார் வந்து தங்கினால் அதையும் செய்ய முடியாது. மரியாதைக் குறைவாகிவிடும்.

ஆகவே இதை அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. கணவர் சொல்ல வேண்டும். "அப்பா, உங்க பேரன் வரப்போறான். வாங்க, ரோட்டுப் பக்கம் போய்ட்டு வருவோம்" என்று மகன் சொன்னால் எந்தத் தகப்பனாரும் கோபிக்க மாட்டார். உடன் தங்கியிருக்கும் ஊர்க்காரரிடமும், விருந்துக்கு வரும் மைத்துனரிடமும் அப்படியே. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, "வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா?" என்று டாக்டர் கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்வது நல்லது.

விட முடியுமா?

முடியும். சுலபம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் சில நாள்கள்தான் கஷ்டம். தலைவலி வரும். கோபம் வரும். தூக்கம் கெடும். "ஒன்றே ஒன்று" என்று மனம் கெஞ்சும். அந்தத் தவிப்பு ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம். கொஞ்ச தூரம் நடக்கலாம். ஏலக்காய், கிராம்பு வாயில் போடலாம். கட்டையும் தீப்பெட்டியையும் வீட்டில் வைக்கவே கூடாது.

தனியாக முடியாதவர்களுக்கு உதவி இருக்கிறது. மத்திய அரசு 2016-ம் ஆண்டில் தொடங்கிய இலவச டெலிபோன் எண் 1800-11-2356. பீடிக் கட்டிலும் சிகரெட் பாக்கெட்டிலும் இந்த எண் அச்சிடப்பட்டு வருகிறது. தினமும் அந்தக் கட்டைப் பிரிப்பவர்கள் பலர் அதைப் படித்துப் பார்த்ததில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் கேட்டால் மருந்தும் யோசனையும் சொல்வார்கள்.

நாட்டில் 2009-10-ம் ஆண்டில் வீட்டில் புகையைச் சுவாசித்தவர்கள் 100-க்கு 52 பேர். ஏழு ஆண்டில் அது 39 ஆகக் குறைந்தது. அத்தனை வீடுகளில் யாரோ ஒருவர் விட்டிருக்கிறார். அல்லது எழுந்து வெளியே போயிருக்கிறார். அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான்.

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறோம். தொட்டில் வாங்குகிறோம். காதணி விழாவுக்குச் சீட்டுப் போடுகிறோம். இவை எல்லாம் பிறந்த பிறகு. பிறப்பதற்கு முன்பே தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய சீதனம் ஒன்று உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறையில் வாடகை ஏறும். தண்ணீர் வராது. மழைக்காலத்தில் ஒழுகும். அவை எதுவும் அவர் கையில் இல்லை.

அந்த அறையின் காற்று அவர் கையில் இருக்கிறது.